கணுவில் சிக்கிய பட்டிழை

இன்று காலை சட்டையைத் துவைக்கப் போடும்போது பையிலிருந்து உன் பட்டிழை வந்தது. அரக்கு நிறம், ஒரு முழம் இருக்கும். கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, ஆனாலும் உட்கார்ந்துவிட்டேன். நீ போனதிலிருந்து எதைப் பார்த்தாலும் எனக்கு உட்காரத்தான் தோன்றுகிறது.

நாம் கராத்தே வகுப்பில் சேர்ந்த புதிதில், துணி அடைத்த சாக்கு மூட்டையைக் கண்டதும் உனக்குத் தலைகால் புரியவில்லை. கூரம் கிராமத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்த களைப்பில் நான் சும்மா தட்டிக்கொண்டிருந்தேன். நீ கிளவுஸ்கூடப் போடாமல் குத்தித் தள்ளினாய். மறுநாள் உன் வீட்டுத் தறியில் அறுந்த இழையைப் பிணைக்கப் பாவு நூல்களுக்குள் கையை விட்டிருக்கிறாய். விரல் கணுவில் உரிந்திருந்த தோலில் பட்டு சிக்கி, எடுக்கப் போனால் கொத்தாக அறுந்ததாம். உன் மனைவி போட்ட சத்தத்தை நீயே நடித்துக் காட்டினாய்: "நாளைலேருந்து கைய இங்க கழட்டி வெச்சிட்டுப் போ. அங்க தலையால முட்டிக்கினு வா!"

அன்றுதான் ஓர் இழையை எடுத்து வந்தாய். பிறகு நாமே கல்யாண மண்டபத்து மொட்டைமாடியில் வகுப்பு நடத்தியபோது அதுவே சட்டமாகிவிட்டது. பிள்ளைகளின் கணுக்கள்மேல் இழையை ஓட்டுவாய். வழுக்கிக்கொண்டு போனால் குத்தலாம். சிக்கினால், "இன்னிக்கு உனக்கு லீவு. போயி உக்காந்து பாரு."

"வலிக்கவே இல்ல சார்."

"வாய்தான் சொல்லுது. குத்தும்போது காயத்துக்கு பயந்துக்கினு கை தானா மடங்கும். மணிக்கட்டு போயிடும்பா."

நம் ஊரில் உன் குத்துக்கு ஈடு கிடையாது. குத்து வாங்கும் மெத்தை, அந்தப் பேடைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் ஆளைப் பின்னால் தள்ளிக்கொண்டு போகும். ஆனால் நான் "ம்" சொல்லாமல் நீ ஒரு நாளும் அடித்ததில்லை. ஒருமுறை எனக்குத் தும்மல் வந்தது. தும்மி, மூக்கைத் துடைத்து, மறுபடி பேடைத் தூக்கும்வரை ஓங்கிய கையோடு நின்றாய். "வேற ஏதாவது வேல இருக்குதா? முடிச்சிட்டு சொல்லுபா, நான் இருக்கேன்" என்றாய். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அப்பேர்ப்பட்டவன் நீ, ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய்; ஆஸ்பத்திரி வாசலைக்கூடத் தாண்டவில்லை. எனக்குக் கோபம். யார்மேல் என்று தெரியாத கோபம். வகுப்பு முடிந்து எல்லாரும் போனபின் மூட்டையைக் குத்தினேன், வெறுங்கையால்.

போதாக்குறைக்குப் பெற்றோர்கள் வேறு. பக்கத்தில் புதிதாக ஒரு வகுப்பு வந்திருக்கிறது. அங்கே பிள்ளைகள் ஓடு உடைக்கும் வீடியோ எல்லார் போனிலும் சுற்றுகிறது. "நம்ம புள்ளைங்க எப்ப சார் ஓடு ஒடைக்கும்?" பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், ஆண்டு விழாவில் நானே உடைத்துக் காட்டுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். பிள்ளைகளைத் தொடவிடமாட்டேன் என்று எனக்கு நானே சமாதானம். மறுநாளே அதுகள் வீட்டில் ஓடு அடுக்கும் என்று எனக்குத் தெரியாதா? நீ இருந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

போன சனிக்கிழமை நீ 'வாயாடி' என்று கூப்பிடும் அந்தப் பெண்தான் இழை ஓட்டினாள். இப்போது அது அவள் வேலை. எல்லாருக்கும் முடித்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"நீங்க, சார்?"

"எனக்கு எதுக்கும்மா?"

"அவரு மொதல்ல தன் கையில ஓட்டிக்கினுதான சார் எங்களுக்கு ஓட்டுவாரு."

ஓடு உடைக்கப் பழக்கிய கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தேன். வேறு வழியில்லாமல் நீட்டினேன். முதல் கணுவிலேயே இழை மாட்டியது. தறிவீட்டுப் பெண், இழுக்கவில்லை. நகத்தால் மெதுவாக எடுத்துவிட்டாள்.

"சார், இன்னிக்கு உங்களுக்கு லீவு. போயி உக்காந்து பாருங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. தண்ணீர்த் தொட்டி ஓரமாகப் போய் உட்கார்ந்தேன். வாயாடி பேடைப் பிடித்தாள். எதிரில் ஒரு சின்னப் பெண் கையை ஓங்கிக்கொண்டு, "ரெடியாக்கா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். நீ போனபிறகு அப்போதுதான் அழுதேன். உன்னைக் கொண்டுபோன அன்றுகூட எனக்கு அழுகை வரவில்லை.

அழைத்துப்போக வந்த பெற்றோர்களிடம் ஓடு கிடையாது என்று சொல்லிவிட்டேன். சிலர் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். இன்னும் சிலர் நிறுத்தலாம். விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. மீதி இருப்பவர்களுக்குச் சொல்லித்தர நிறைய இருக்கிறது, அது போதும்.

பஸ் போய்விட்டது. உன் இழையைக் கணுக்கள்மேல் ஓட்டிப் பார்த்தேன். முன்னைக்குப் பரவாயில்லை. ஆனால் ஓர் இடத்தில் இன்னும் சிக்குகிறது. சரிடா, இன்றைக்கும் எனக்கு லீவு. மாலையில் வகுப்புக்குப் போய் உட்கார்ந்து பார்க்கிறேன்.