ஜூரிகள் தின்ற கோழி

வெர்னல், இந்தியானா
அக்டோபர் 1858

என் மரியாதைக்குரிய கணவர், நீதிபதி ஆசகேல் கிராண்டல் அவர்களுக்குத் தெர்சா எழுதிக்கொள்வது.

நானும் பிள்ளைகளும் நலம். முன்ஜன்னல் கண்ணாடிகள்தான் நலமில்லை. கல்லெறிந்தது யாரென்று தெரியும், சொல்லப்போவதில்லை. மிச்சமிருந்த உங்கள் நீதிபதித் தேர்தல் நோட்டீஸ்களை ஒட்டிக் குளிரை அடைத்திருக்கிறேன்.

தீர்ப்புச் சொல்லும்வரை ஜூரிகள் தண்ணீரைத் தவிர எதையும் தொடக்கூடாது என்பது ஊரறிந்த வழக்கம். அப்படியிருந்தும் அந்தக் கொலை வழக்கில், செத்தவனின் அண்ணன் பெட்டிபோன் பின்ஜன்னல் வழியாக நீட்டிய வறுத்த கோழியையும் விஸ்கியையும் வெட்கமில்லாமல் வாங்கித் தின்றுவிட்டு, மில்லில் வேலை பார்த்த அந்த ஜெர்மன்காரன் கோல்பைத் தூக்கில் போடச் சொன்னார்கள். நீங்கள் அதை ரத்துசெய்து, மறுவிசாரணை என்று சொல்லிவிட்டு அடுத்த மாவட்டக் கோர்ட்டுக்குக் குதிரை ஏறிவிட்டீர்கள். பேச்சு வாங்குவது நான். சர்ச் வாசலில் மளிகைக்கடை மார்த்தா, "ஏம்மா, ஒரு கோழிக்காலுக்காகக் கொலைகாரனைக் காப்பாத்திட்டாரே உங்க வீட்டுக்காரர்! ஓட்டுக் கேட்டு இந்தப் பக்கம் வரட்டும், எலும்பைப் போடுறோம்" என்றாள்.

அது போகட்டும். இன்று ஷெரிஃப் லைமன் சமையலறைப் பக்கமாக வந்தார். "சனிக்கிழமை சந்தைக்கூட்டத்துக்குப் பெட்டிபோன் சாராயம் ஊத்தப்போறான்மா. அப்புறம் கோல்பை இழுத்துட்டுப் போய்த் தொங்கவிட வந்துருவாங்க, ஜெயில் கதவு தாங்காது. ஐயா உத்தரவு போட்டா கோல்பை வேற மாவட்டத்துக்குக் கொண்டு போயிடுவேன். உத்தரவில்லாம கொண்டு போனா, தப்பவிட்டேன்னு என்னையே உள்ள போட்டுருவாங்க" என்றார்.

அந்த உத்தரவைச் செவ்வாய்க்கிழமை தேர்தல் முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அதை இன்று நினைத்துப் பயந்த அளவுக்குக் கல் விழுந்தபோதுகூட நான் பயப்படவில்லை. சனிக்கிழமை முதலில் வருகிறதே! கோல்ப் கொன்றானா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அதற்காகத்தானே மறுவிசாரணை?

குதிரைச் சேணம் தைத்துக்கொண்டே சட்டம் படித்தவர் நீங்கள். விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். அந்த ஊசிகளை நேற்று எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தேன். பதவி போனால் போகட்டும், பிழைத்துக்கொள்வோம்.

இதைக் கொண்டுவரும் வக்கீல் ஹாலோவே நம்பகமானவர். அவர் குதிரைக்குத் தீனி வையுங்கள். அது தின்று முடிப்பதற்குள் உத்தரவை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தனுப்புங்கள். கர்த்தர் உங்கள் கையைத் திடப்படுத்துவாராக.

தோற்று வந்தால் வாசலுக்கே ஓடிவந்து உங்களை அழைத்துக்கொள்வேன். ஹாலோவே வெறுங்கையோடு திரும்பி, நீங்கள் ஜெயித்து வந்தால், உங்கள் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்றுதான் தெரியவில்லை.

என்றும் உங்கள்
தெர்சா