வேகம் என் கையில்

மார்ச் 4, செவ்வாய்

பதினோரு வருடம் கழித்து மகாராணி ஃபோன் செய்தாள். ஒரே பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்தோம். நான் இரண்டு வருடம் தொண்டை வற்றக் கத்தித் தயார் செய்த பாடல் குழுவைத் தன்னுடையது என்று சொல்லி, இசைத்துறைத் தலைவி பதவியைத் தட்டிக்கொண்டு போனாளே, அவள்தான். இப்போது அவள் மகளுக்கு வயலின் பரீட்சை. கூடப் பியானோ வாசிக்க இருந்தவர் குளியலறையில் வழுக்கிக் கையை உடைத்துக்கொண்டாராம். "உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?" என்றாள்.

என்ன நெஞ்சழுத்தம்! தேன் ஒழுக, சரி என்றேன்.

மார்ச் 8, சனி

மகள் வந்தாள். பத்து வயது, வாய் ஓயவில்லை. அம்மாவின் மூக்கு, ஆனால் அந்தத் திமிர் இல்லை. தப்பு விட்டால் தானே சிரித்துக்கொள்கிறாள். நன்றாக வாசிக்கிறாள், அதுதான் கடுப்பு. தேறினால் இளையோர் இசைக்குழுவில் இடமாம். மகாராணி இப்போதே ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டாள்.

மார்ச் 12

வழி கிடைத்துவிட்டது. பரீட்சை அறைக்குள் தாய்க்கு அனுமதி இல்லை. தேர்வாளர், பிள்ளை, நான் — மூன்றே பேர். கடைசிப் பாட்டில் பியானோ தனியாக எட்டு நொடி வாசித்த பிறகுதான் வயலின் சேரும். நான் வைக்கிற வேகம்தான் அவளுக்கும் வேகம். தாளம் தட்டும் மெட்ரோனோமில் நிமிடத்துக்கு எண்பத்தெட்டு தட்டு வைத்துப் பழகியிருக்கிறோம். நூற்றிரண்டு வைத்தால்? ஒரு சுரம்கூடத் தப்பாக வாசிக்கமாட்டேன். யார் என்னைக் குறை சொல்ல முடியும்?

மார்ச் 13

நூற்றிரண்டு போதாது. நூற்றியெட்டு.

மார்ச் 15, சனி

கடைசி ஒத்திகை. அச்சுப் பிசகாமல் வாசித்தாள். போகும்போது என் இசைத்தாள்களின் ஓரத்தை ஒவ்வொன்றாக மடித்துவைத்தாள், நான் புரட்ட வசதியாக. மனசைப் பிசைந்தது. பிசையட்டும். ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னும் நான் அழுதுகொண்டு நின்றபோது அவள் அம்மாவுக்குப் பிசைந்ததா?

மார்ச் 19, புதன்

செய்துவிட்டேன்.

முதல் இரண்டு பாட்டும் நன்றாகவே போயின. மூன்றாவதை நூற்றியெட்டில் தொடங்கினேன். வில்லைத் தூக்கும்போதே அவள் கண் விரிந்தது. துரத்திப் பிடிக்கப் பார்த்தாள். நடுவில் விரல் சறுக்கி நின்றுவிட்டாள். தேர்வாளர் தலை நிமிராமல் எழுதினார். மறுபடி தொடங்கச் சொன்னார். அப்போதாவது வேகத்தைக் குறைத்திருக்கலாம். குறைக்கவில்லை. மறுபடியும் நின்றாள்.

வெளியே மகாராணி நாற்காலியை விட்டு எழுந்தாள். என்ன ஆயிற்று என்று என்னைத்தான் கேட்டாள். பிள்ளை முந்திக்கொண்டாள்.

"என் கைதாம்மா ஓடல. ஆன்ட்டி சரியாத்தான் வாசிச்சாங்க."

மகாராணியின் முகம் சுருங்கியது. பதினோரு வருடம் நான் பார்க்க ஏங்கிய முகம். இனித்தது. உண்மையாகவே இனித்தது, மறைப்பானேன்? பிறகு அவள் மகளின் கையிலிருந்து வயலின் பெட்டியை வாங்கிக்கொண்டாள். என்னைத் திட்டேண்டி, என்னை ஒரு வார்த்தை திட்டித் தொலையேன் — என்று இருந்தது.

ஏப்ரல் 10

தேறவில்லை. மூன்று மதிப்பெண்ணில் போயிற்று. என்மேல் ஒரு குறையும் இல்லையாம், மகாராணியே சொன்னாள். நன்றி வேறு! இதற்குப் பெயர் பழிவாங்கலா? அவளுக்கு ஒரு கீறலும் இல்லை. எல்லாம் அந்தப் பத்து வயசு மேல போய் விழுந்திருக்கு. சனியன், என்ன காரியம் பண்ணித் தொலைச்சேன்?

மே 3, சனி

வயலினைத் தொடமாட்டேன் என்று பிடிவாதமாம். பியானோ என்றால் கற்றுக்கொள்கிறாளாம், அதுவும் என்னிடம் மட்டும். நாலு மணிக்கு அம்மா கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள்.

இருக்கையின் உயரத்தைச் சரிசெய்தேன். விரல்களைக் கட்டைகள் மேல் வைக்கச் சொன்னேன். வைக்கவில்லை. கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். முன்பு போல் சிரிக்கவில்லை.

"ஆன்ட்டி, என் கை மெதுவாத்தான் ஓடும். பரவால்லையா?"

உன் கையில் ஒரு குறையும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொன்னால் மீதியையும் சொல்ல வேண்டும்.

"பரவால்லம்மா" என்றேன்.