பழகின வாய்

ஆகஸ்ட் 9, வியாழன்

இன்று சொல்லாதது: "நான்தான் கொடுத்தேன்."

இரண்டே சொல். நர்ஸ் கேட்டு முடித்து, பேனாவை மூடி, அடுத்த சீட்டை எடுக்கும்வரை நேரம் இருந்தது. சொல்லவில்லை.

வெயில். ஆடி என்ற பேச்சே இல்லை. காற்று வந்தால் டிரங்க் ரோட்டு லாரிப் புழுதியோடு வருகிறது. பாப்பாவுக்கு நேற்று இரவிலிருந்து வயிற்றுப்போக்கு. விடிவதற்குள் ஏழு முறை. கண் உள்ளே போய்விட்டது. பென்னலூரில் பஸ் பிடித்து ஆஸ்பத்திரி. நான், அவர், அவர் தங்கை கஸ்தூரி. பாப்பா கஸ்தூரி மடியில். பகலெல்லாம் அவளிடம் இருந்து பழக்கம். என் கைக்கு வந்தால் அழுகை.

"பால் தவிர வேற எதுனா குடுத்தீங்களா?" என்று நர்ஸ்.

கஸ்தூரிதான் பதில் சொன்னாள். "ஒண்ணும் இல்லக்கா. அண்ணி ஸ்கூலுக்குப் போனப்புறம் பசும்பாலு. அதுவும் காச்சி ஆத்தி, பாலாடையில. அவ்ளோதான்."

நர்ஸ் துணியைப் பிரித்துப் பார்த்தாள். "பால் மட்டும் குடிக்கிற கொழந்தைக்குப் போற மாதிரி இல்லியே இது."

அவர் தங்கையைத் திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. பகலில் வீட்டில் இல்லாதவளை ஏன் பார்க்க வேண்டும்?

கொதித்து ஆறிய தண்ணீர், உப்பு, சர்க்கரை. கொஞ்ச நேரத்துக்கு ஒரு கரண்டி. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. இருந்தால்தானே நிறுத்துவதற்கு.


ஆகஸ்ட் 10, வெள்ளி

லீவு. தலைமை ஆசிரியருக்குச் சீட்டு, பக்கத்து வீட்டு சரோஜா மூலம்.

இன்று நான்கு முறை. சிறுநீர் இரண்டு முறை போனாள். நனைந்த துணியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். இங்கேயாவது.

பாப்பா பிறக்க இரண்டு நாள் வலி. குழந்தையா தாயா என்ற பேச்சு வரை வந்ததாம். கட்டிக் கொடுத்த இடம் ஒத்துவராமல் அண்ணன் வீட்டுக்கே திரும்பியவள் கஸ்தூரி. அவள்தான் அன்றைக்குக் குன்றத்தூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டாள். குழந்தைக்கு முதல் சோறு உன் சந்நிதியில்தான், அதுவரை பாலைத் தவிர எதுவும் நாக்கில் படாது என்று. அன்றிலிருந்து அவள் கிருத்திகைக்குச் சோறு தொடுவதில்லை.

பெண் குழந்தைக்கு ஒற்றைப்படை மாதம். ஐந்தாம் மாதம் வந்ததுமே ஆடியும் பிறந்துவிட்டது; ஆடியில் செய்யக் கூடாது. ஆகவே ஏழு. ஆவணிக் கடைசி வெள்ளி, செப்டம்பர் 14. எல்லோரும் சேர்ந்து தலையாட்டினோம். நானும்.

ஜூனில் பள்ளி திறந்தது. மூன்றாவது பீரியடில் ரவிக்கை நனையும். சேலையை இழுத்து மூடிக்கொண்டு பாடம் நடத்துவேன். பிறகு கொல்லைப்பக்கம் போய்ப் பிழிந்து மண்ணில் விடுவேன். ஜூலையில் நனைவது நின்றது. மாலையில் பாப்பா நெஞ்சில் முட்டி முட்டி, கிடைக்காமல் என் முகத்தைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பதில் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இருந்தும் புத்தகத்தைத்தான் தேடினேன். நூலகத்தில் ஒரு பழைய ஆங்கிலப் புத்தகம், குழந்தை வளர்ப்பு. நான்கு மாதம் முடிந்தால் கூழ் கொடுக்கலாம் என்றது. கேழ்வரகு ஊறவைத்து, அம்மியில் அரைத்து, அவருடைய பழைய வேட்டித் துண்டில் பாலாக வடிகட்டிக் காய்ச்சினேன். அவர் முதல் ஷிப்டுக்கு ஐந்தரைக்கே கம்பெனி பஸ் ஏறிவிடுவார். கஸ்தூரி தெருக்குழாய்க்குப் போவாள். அந்த அரைமணிதான் எனக்கு. அம்மிச் சத்தத்துக்குச் சட்னி என்று பெயர்.

பாப்பா முதல் நாள் துப்பினாள். மூன்றாம் நாள் விழுங்கினாள். ஐந்தாம் நாள் கரண்டியைக் கண்டதும் வாய் திறந்தாள். எனக்கு அழுகை வந்தது. அவ்வளவு பசியா.

புதன்கிழமை. பாதிக் கூழ் டம்ளரில் மிச்சம். வாசலில் குடம் வைக்கிற சத்தம். அரிசி டிரம்முக்குப் பின்னால் மறைத்தேன். பள்ளிக்குப் போய்விட்டேன். மாலை ஐந்து மணிக்கு வந்தேன், பாப்பாவை என்னிடம் தந்துவிட்டுக் கஸ்தூரி கடைக்குப் போனாள். பாப்பா வீறிட்டாள். டம்ளரை எடுத்தேன். மோந்து பார்த்தேன். லேசான புளிப்பு.

தெரியாமல் கொடுத்தேன் என்று எழுத முடியாது. மோந்து பார்த்தேன். ஐந்து கரண்டி.

இன்று மத்தியானம் அவர் கஸ்தூரியைக் கேட்டார்.

"உண்மைய சொல்லு. பிஸ்கோத்து கிஸ்கோத்து நனைச்சுக் குடுத்தியா?"

"இன்னாண்ணா நீ? வேண்டிகினவளே நானு. நானே குடுப்பனா?"

"அழுவுதேன்னு பாவம் பாத்துக் குடுத்திருப்ப. நீ கெட்டதுக்குச் செய்வேன்னு சொல்லல."

"அண்ணி, நீங்களாச்சும் சொல்லுங்க."

நான் சொன்னது: "விடுங்க. குழந்தை தூங்குது."


ஆகஸ்ட் 12, ஞாயிறு

போக்கு நின்றது. காலையில் விசிறியைப் பார்த்துச் சிரித்தாள்.

கஸ்தூரி பாப்பாவைத் தூக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவி, கையை என்னிடம் காட்டுகிறாள். "அண்ணி, தண்ணி குடுக்கவா?" ஒரு கரண்டித் தண்ணீருக்கு அனுமதி. வேண்டுமென்றே செய்கிறாளா, பயந்து செய்கிறாளா? எதுவானாலும் எனக்குத் தகும்.

சரோஜா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து: "இன்னா டீச்சர், ஒங்க நாத்தனாரு கொழந்திக்கு வாயப்பயம் குடுத்துட்டாங்களாமே?"

"யார் சொன்னது?"

"கொயாயாண்ட பேசிக்கினாங்க. புள்ள பெக்காதவளுக்கு இன்னா தெரியும்னு."

"அதெல்லாம் இல்லை" என்றேன். இருமல் போல ஒரு குரலில். அவளுக்குக் கேட்டிருக்காது. கேட்கக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேனோ.

நான் படித்த கதைகளில் தப்புச் செய்தவர்கள் தூங்க மாட்டார்கள், மழையில் நிற்பார்கள். நான் எட்டு மணி நேரம் தூங்கினேன். எழுந்து துணி மடித்தேன்.


ஆகஸ்ட் 21, செவ்வாய்

மேகம். தூறல் மாதிரி ஏதோ. தேர்வுத் தாள் பாக்கி, ஏழாம் வகுப்பு.

பத்து நாள் நிறுத்திப் பார்த்தேன். பாப்பா கட்டைவிரலைச் சப்பி விரல் வெந்துபோயிற்று. இன்று மறுபடி ஆரம்பித்துவிட்டேன்.

எப்போது கொடுக்கலாம்:
ஆங்கிலப் புத்தகம் – நான்கு.
பள்ளிக்கு வந்த கிராம சேவிகா – ஐந்து, ஆறு. ("ஊரப் பொறுத்தது டீச்சர்.")
கஸ்தூரி – ஏழு, சந்நிதியில்.
பாப்பா – இப்போதே.

இந்தமுறை கவனம். அன்றன்றைக்குக் காய்ச்சியது மட்டும். டம்ளரில் வெந்நீர் ஊற்றி எடுப்பது. மிச்சத்தை நானே குடித்துவிடுவது. எல்லாம் ஒழுங்காக. சொல்வதைத் தவிர எல்லாம்.

கூழ் தவறில்லை என்று நினைக்கிறேன். உண்மையிலேயே நினைக்கிறேன். பிறகு ஏன் கதவைச் சாத்திக்கொள்கிறேன்?


செப்டம்பர் 2, ஞாயிறு

கஸ்தூரி தன் கல்யாணச் சேலை முந்தியை வெட்டிப் பாப்பாவுக்குச் சட்டை தைக்கிறாள். குன்றத்தூர் மலைக்குப் போட்டுப் போக. மாம்பழ நிறம்.

இன்று சொல்லிவிடுவது என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "கஸ்தூரி, ஒண்ணு சொல்லணும்."

ஊசி நின்றது. தலை நிமிரவில்லை. "சொல்லுங்க அண்ணி."

மின்விசிறி. பாப்பா பாயில் குப்புற விழுந்து, தலையைத் தூக்கி இருவரையும் பார்த்தாள்.

"பட்டன் வேண்டாம். வாயில் போட்டுக்குவா. நாடா வை."

"சரி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஊசி மறுபடி நகர்ந்தது.


செப்டம்பர் 14, வெள்ளி

குன்றத்தூர். மேகம் இருந்ததால் படி சுடவில்லை. கஸ்தூரி பாப்பாவை இடுப்பில் வைத்து அடிவாரத்திலிருந்து மேலே வரை ஒருவரிடமும் தராமல் ஏறினாள். அவருடைய அத்தை அதே ஊர், முன்னாலேயே வந்து இடம் பிடித்திருந்தாள்.

அர்ச்சனை. இலையில் சர்க்கரைப் பொங்கல். பாப்பா அவர் மடியில். நான் வாய் துடைக்கத் துணியோடு. அத்தை பொங்கலை விரலால் மசித்து, "மொத சோறு, துப்பும் பாரு, எல்லாம் துப்பும்" என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள்.

கை பாதி தூரம்தான் வந்தது. பாப்பா உடம்பை முன்னால் தள்ளி, வாயை அகலத் திறந்தாள். நாக்கைத் தட்டையாக வைத்து வாங்கினாள். விழுங்கினாள். மறுபடி திறந்தாள்.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். அத்தை இரண்டாவது வாய் கொடுத்தாள். மூன்றாவதற்குக் கையை எடுத்துக்கொண்டாள்.

"இது மொத சோறு துன்ற வாயி இல்லடா. பழகின வாயி."

அவர் முகம் மாறியது. ஒரு மாதமாக ஆறியிருந்த சந்தேகம் மறுபடி. எல்லோர் கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது. கஸ்தூரி பக்கம்.

கஸ்தூரி என்னைப் பார்த்தாள். நீண்ட நேரம் போலத் தோன்றியது. கோபம் இல்லை. பள்ளியில் விடை தெரிந்த பிள்ளையைப் பார்த்து நான் காத்திருப்பேனே, அந்த மாதிரி.

என் கையில் துணி. பாப்பாவின் வாய் இன்னும் திறந்தபடி.

"நான்தான் குடுத்தேன்" என்றாள் கஸ்தூரி.

"வேண்டிகினதும் நீயி, மீறினதும் நீயி. நல்லா கீதுடி" என்றாள் அத்தை.

அவர் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். இறங்கும்போது பாப்பாவை என்னிடம் தந்தார். கஸ்தூரி எங்களுக்குப் பின்னால், காலிக் கூடையோடு.


செப்டம்பர் 15, சனி

கஸ்தூரி கொஞ்ச நாள் அத்தை வீட்டில் இருக்கட்டும் என்று அவர் முடிவு. அவள் மறுக்கவில்லை. டிரங்குப் பெட்டியில் நான்கு சேலை. அவர் சாமான் வாங்கப் போயிருந்தார். கடைசியில் போய் நின்றேன்.

"ஏன் அப்படிச் சொன்னே?"

"யாராச்சும் ஒருத்தரு சொல்லணுமில்ல அண்ணி. சாமி முன்னாடி எவ்ளோ நேரம் சும்மா நிக்கிறது?"

"உனக்குத் தெரியுமா?"

"ஆடியிலயே தெரியும். அந்த வேட்டித் துண்ட நானுந்தான தோய்க்கிறேன். கேவுரு கறை சுளுவுல போவுமா?"

"தெரிஞ்சும் ஏன் சொல்லலை?"

"நீங்க சொல்வீங்கன்னு." பெட்டியை மூடினாள். "ஆஸ்பத்திரில பாத்தேன். அண்ணன் கேக்கசொல்ல பாத்தேன். அன்னிக்கு சட்டை தெக்கசொல்ல வாயெடுத்தீங்க. நெஞ்சு அடிச்சுகினுச்சு எனக்கு. அப்பால பட்டனுக்குப் போய்ட்டீங்க."

நான் அழுதேன். அவள் அழவில்லை.

"கொழந்த பசிச்சுதுன்னு குடுத்தீங்க. அத்த நான் தப்புன்னு சொல்லல. என் வேண்டுதல நான் முருகன் கிட்ட பேசிக்கிறேன்." பாப்பாவின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டாள். அதற்கும் முன் கை கழுவியிருந்தாள்.

மூன்று மணி பஸ்.


செப்டம்பர் 17, திங்கள்

காலை தூறல். பாப்பா சரோஜாவிடம். பள்ளியில் ஒரு பாடமும் நடத்தவில்லை. கணக்குப் போடச் சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தேன்.

அவர் ஷிப்ட் முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்று சொன்னேன். ஜூலையிலிருந்து. தினமும். அன்றைக்குப் புளித்ததைக் கொடுத்ததும் நான்தான், மோந்து பார்த்துவிட்டே.

அவர் சொம்பைக் கீழே வைத்துத் திரும்பினார்.

"ஆஸ்பத்திரில நர்ஸ் கேட்டப்ப நீ எங்க இருந்த?"

"பக்கத்துல."

அவ்வளவுதான் கேட்டார். சாப்பிடாமல், அதே சட்டையோடு குன்றத்தூர் பஸ் ஏறப் போனார். நான் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சோறு வைத்தேன். அவளுக்குப் பிடித்த கத்தரிக்காய்.


செப்டம்பர் 18, செவ்வாய்

அவர் தனியாகத் திரும்பினார். குன்றத்தூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் பெண்களை எடுக்கிறார்கள். கஸ்தூரி நேற்றே பெயர் கொடுத்துவிட்டாள். பேக்கிங், பகல் ஷிப்ட். வரவில்லை என்று சொல்லிவிட்டாளாம்.