சுத்தபத்தமாக வரவும்

என் ஈஸ்வரி அக்காவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. முதலில் ஒரு நல்ல சேதி: நம் கோயில் கமிட்டி உன்னை மண்டபத்துக்குள் அனுமதித்துவிட்டது. நாளை நடக்கும் மகளிர் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் உன் நினைவாகத்தான். உள்ளே உன் படம், மாலையோடு. படத்துக்குத் தீட்டு கிடையாது என்று தலைவர் விசாரித்துச் சொன்னார்.

இரண்டு வருடத்துக்கு முன் இதே மண்டபத்தில் நடந்த முகாமை நீ மறந்திருக்க மாட்டாய். கமிட்டிச் செயலாளர் என்ற முறையில் நான்தான் ஒலிபெருக்கியில் அறிவித்தேன். "மார்பில் கட்டி தென்படுகிறவர்கள், மாதவிலக்கு நின்ற பிறகும் உதிரப்போக்கு உள்ளவர்கள் அவசியம் வரவும்" என்பது நர்ஸம்மா எழுதிக் கொடுத்தது. "கோயில் மண்டபம் என்பதால் பெண்கள் சுத்தபத்தமாக வரவும்" என்பது நான் சேர்த்தது. இரண்டையும் ஒரே மூச்சில், உச்சரிப்புப் பிழை இல்லாமல் வாசித்தேன். ஊரில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

உனக்கு விலக்கு நின்று மூன்று வருடம் கழித்து மறுபடி ரத்தம் படத் தொடங்கியிருந்தது. "கெழவி மறுக்கா சமைஞ்சிட்டா, சடங்கு வைக்கணும்" என்று மச்சான் தோட்டத்து ஆட்களிடம் சொல்லிச் சிரித்தார். திராட்சை இலையில் ஒரு வெள்ளைப் புள்ளி கண்டால் அன்றே அதைப் பறித்துக்கொண்டு கம்பத்து மருந்துக்கடைக்குப் பறக்கிற மனிதர். உனக்கு வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கச் சொன்னார். சூடாம்.

ஆனாலும் நீ வந்தாய். படி ஏறவில்லை. செருப்பு விடும் இடத்தில் நின்று என்னைக் கையாட்டிக் கூப்பிட்டாய்.

"ஏலே தம்பி, நான் உள்ள வரலாமா? தூரமால்ல இருக்கேன்."

"நிக்கட்டும்க்கா. அடுத்த வருசமும் போடுவாக, சுத்தமா இருக்கப்ப வா."

"அதான் நிக்க மாட்டேங்குதே" என்றாய்.

பேச்சு அவ்வளவுதான். உள்ளே நர்ஸம்மா, எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கவேண்டியதுதான், நோய் சொல்லிக்கொண்டா வருகிறது? உனக்குத்தான் சொல்லிக்கொண்டே வந்தது.

அடுத்த வருடம் முகாம் போடவில்லை. தேனி ஆஸ்பத்திரிக்கு உன்னைக் கொண்டுபோனபோது கர்ப்பப்பை வாயைத் தாண்டிப் பரவியிருந்தது. உங்கள் ஊரிலேயே முகாம் நடந்ததே, ஏன் காட்டவில்லை என்று டாக்டரம்மா கேட்டார். அன்றைக்குத் தீட்டு என்றார் மச்சான். அதைப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை.

நீ செத்ததில் எனக்கும் மூன்று நாள் தீட்டு வந்தது. கோயில் சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு வெளியே நின்று கும்பிட்டேன். ஆம்பளைத் தீட்டு சொன்ன நாளில் போய்விடுகிறது, அக்கா.

இன்னொரு சேதி. உன் மகள் செல்வியை நாளைக்கு வரச் சொன்னேன். "வேணாம் மாமா. நாலு மாசமா நடுநடுவுல பட்டுக்கிட்டே இருக்கு. கோயில் காரியம், எதுக்கு" என்றாள். முப்பத்தாறு வயது, பட்டம் வாங்கியவள். உன்னைப் போலவே அடக்கமான பிள்ளை. இவளை நாம் எப்படி வளர்த்தோம், அக்கா?

தலைவரிடம் போய் நின்றேன். நெடுநேரம் யோசித்து, "வரட்டும். முடிஞ்சதும் மண்டபத்தக் கழுவி விட்ருங்க, மறுநா கல்யாணம் இருக்கு" என்றார்.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். நாளைக் காலை செல்வியை முன்வாசல் வழியாகவே கூட்டிப்போவேன். நர்ஸம்மா முதலில் பார்ப்பது அவளைத்தான். தேனிக்குப் போகச் சொன்னால் அன்றே போவோம், அடுத்த வருடம் அல்ல. மண்டபத்தைத் திரும்பி வந்து கழுவிக்கொள்கிறேன்.

உன்னைப் படியோடு திருப்பி அனுப்பிய தம்பி,
முருகேசன்