எஞ்சின் உதறினாலும் மிதிக்காதே

மூத்தவனே, நான் ஒரு முறை முறைத்தால் எந்தக் காரும் தானே ஸ்டார்ட் ஆகி, ரிவர்ஸ் எடுத்துத் தெருவில் வந்து நிற்கும். உன் கார் மட்டும் உன்னைப் போலவே அடங்காப்பிடாரி.

பேட்டரி முனைகளில் மலை மலையாகப் பூத்திருந்த பச்சைத் தூளை, நேற்று பேட்டரியைக் கழற்றி நான்தான் தேய்த்தெடுத்தேன். அதிலிருந்து சிக்னலுக்குச் சிக்னல் எஞ்சின் உதறி நின்றுபோகிறது, உண்மைதான். அதற்காக மெக்கானிக்கிடம் போனில், "எங்கம்மா கை வெச்சுட்டாங்க, இனி காயலான் கடைதான்" என்று சிரிப்பாயா? நான் ஓய்வு பெற்றது வேலையிலிருந்துதான், காதிலிருந்து அல்ல.

பேட்டரியைக் கழற்றினால், சும்மா நிற்கும்போது எவ்வளவு காற்று இழுக்க வேண்டும் என்பது வண்டியின் கம்ப்யூட்டருக்கு மறந்துவிடும். அது மறுபடி கற்றுக்கொள்ள வேண்டும். நீயோ லேசாக நடுங்கினாலே பதறி ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறாய். அது எப்போது கற்கும்?

ஷெட் கதவைத் திறந்து வை. ஏ.சி.யை அணைத்து ஸ்டார்ட் செய். ரேடியேட்டர் ஃபேன் சுற்றும்வரை காலை மடித்து உட்கார். அதற்குள் வண்டியை இழுத்துப்போக ஆள் வந்தால், உனக்கு ராத்திரிச் சாப்பாடு மெக்கானிக் வீட்டில்தான்.

சாவி சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால்.

மதியச் சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறேன். கோபம் உன்மேல்தான், உன் வயிற்றின்மேல் இல்லை.

அம்மா

அம்மா, இந்தச் சீட்டுல மிச்ச இடத்துல நான் எழுதறேன். முதல்ல ரெண்டு தடவை தும்மி நின்னுச்சு. அப்புறம் அடங்கிடுச்சு. மார்க்கெட் வரைக்கும் ஓட்டினேன், ஒரு சிக்னல்லயும் நிக்கல. மெக்கானிக்கை வர வேண்டாம்னுட்டேன். அம்மா சொன்னதுதான் நடந்துச்சுன்னு அவர்கிட்டயும் சொல்லிட்டேன்.