முதலில் மணி அடிப்பவர்

செப்டம்பர் 4

அன்புள்ள குருவிக்கு,

நான் நலம். உன் அக்காவின் சமையல் மேல் நம்பிக்கை வைத்து, நீயும் நலமாக இருப்பாய் என்று எழுதுகிறேன். போனில் பேசினால் நாலாவது வாக்கியத்தில் நீ கத்துகிறாய், ஐந்தாவதில் நான் கத்துகிறேன். கடிதத்தில் அந்த வசதி இல்லாததால் இதுவே நமக்குச் சரி.

குளியலறைக் குழாய் சொட்டுகிறது. ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் ரிப்பேர் செய்கிறவன் வீட்டுக் குழாயைத் தொடமாட்டான் என்று சொல்லிக்காட்டுவாயே, தொட்டேன். இப்போது இன்னும் வேகமாகச் சொட்டுகிறது. உன் லேபிலிருந்து இரண்டு முறை வந்து கேட்டுவிட்டார்கள். உன் கை படாத பல் செட் எதுவும் யார் வாயிலும் ஒழுங்காக உட்கார மாட்டேன் என்கிறதாம்.

தோள் எலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டது என்று உன் அக்கா சொன்னார். ஆறு மாதம் ஆகிவிட்டது, பிறகு ஏன் தாமதம்? நீ விழுந்த அந்த ரோட்டில் தனியாக ஒருமுறை சைக்கிள் ஓட்டி முடித்தால்தான் பயம் போகும், முடித்ததும் வீட்டுக்கு வருகிறேன் என்கிறாய். வீட்டுக்கு வா. அந்த ரோடு மட்டும் வேண்டாம். விழுந்த இடத்தைப் போய்ப் பார்த்து என்ன ஆகப்போகிறது? ஏரியைச் சுற்றி ஓட்டு, நிழலாவது இருக்கும். நீ விழுந்தது தெரியாமல் நான் பாட்டுக்கு மிதித்துக்கொண்டு போனேனே, அந்த உறுத்தலே எனக்கு ஆயுசுக்கும் போதும். கெஞ்சிக் கேட்கிறேன்.

உன்
லிஃப்ட்காரன்


செப்டம்பர் 12

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

நேற்று போய்விட்டு வந்துவிட்டேன். திட்ட வேண்டாம், முழுசாக வந்திருக்கிறேன்.

எண்பத்து நான்கு கிலோமீட்டர், தன்னந்தனியாக. வெளிச்சம் வந்ததும் கிளம்பினேன். முதல் பத்து கிலோமீட்டர் பிரேக்கிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. ஒரு நாய் துரத்தியது. அது மூச்சு வாங்கி நின்ற பிறகும் நான் நிற்கவில்லை. வயலில் வேலை செய்த ஒரு பெண்மணி நிமிர்ந்து பார்த்து, "தனியாவா போற? வீட்ல யாரும் தேட மாட்டாங்களா?" என்றார். சிரித்துவிட்டு மிதித்தேன். பதினொரு வருடமாக உங்கள் முதுகையே பார்த்து ஓட்டியவளுக்கு முன்னால் ரோடு இவ்வளவு அகலமாகத் தெரியும் என்று யார் சொன்னார்கள்? எதிர்க்காற்று வேறு. நீங்கள் முன்னால் போய் எனக்காக எவ்வளவு காற்றைத் தாங்கியிருக்கிறீர்கள் என்று அப்போதுதான் உறைத்தது. மனசு இளகிப்போய், உங்களுக்கு என்ன வாங்கிக்கொண்டு வரலாம் என்றுகூட யோசித்தேன்.

நான் விழுந்த சின்னப் பாலத்தில் இறங்கி நின்றேன். பள்ளத்தில் ஆள் உயரத்துக்குப் புல். அன்றைக்கு மாற்று ட்யூப் ஒன்று போதுமா இரண்டு வேண்டுமா என்று சண்டை. நம் சட்டம் உங்களுக்குத் தெரியாததில்லை: சண்டை வந்தால் பேசக் கூடாது, முதலில் மணி அடிப்பவர் தோற்றவர். எழுதிப் பார்த்தால் எவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கிறது! பின்னால் என் மணி கேட்காததை நீங்கள் கோபம் என்று எடுத்துக்கொண்டு போயிருப்பீர்கள் என்றுதான் இத்தனை நாள் மனசைத் தேற்றிக்கொண்டேன். திரும்பிப் பார்க்காத மனிதரை மன்னிப்பது அப்படி ஒன்றும் கஷ்டமாக இல்லை.

பாலத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் ஏற்றம். உருட்டிக்கொண்டுதான் ஏறினேன். மேட்டின் உச்சியில் ஒரு டீக்கடை. கடைக்கார அம்மா என் ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த பையையே உற்றுப் பார்த்தார். நம் சமையலறைத் திரையை வெட்டி நமக்கு ஆளுக்கொன்றாகத் தைத்தேனே, அந்தப் பைதான்.

"இதே பையோட ஆறு மாசம் முன்னாடி ஒருத்தர் வந்தாரும்மா. இந்த பெஞ்சுலதான் ஒரு மணி நேரம் உக்காந்திருந்தாரு. கீழ ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தாரு. யாராச்சும் வரணுமான்னு கேட்டேன். 'வரட்டும், தானா வரட்டும்'னாரு. அப்புறம் என்ன நெனச்சாரோ, கெளம்பிட்டாரு. சாயந்தரம் பால் வண்டிக்காரர் வந்து, பாலத்துக்கிட்ட ஒரு பொண்ணு விழுந்து கெடந்துச்சுன்னாரு."

டீயைக் குடிக்காமலே காசு கொடுத்தேன். பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தால் பாலம் வரைக்கும் ரோடு முழுசாகத் தெரிகிறது. மிச்ச தூரத்தை எப்படி ஓட்டினேன் என்று ஞாபகம் இல்லை.

வழியில் நிற்கவே இல்லை, ராத்திரி நாம் தங்குவதாக இருந்த லாட்ஜுக்குப் போன பிறகுதான் நான் விழுந்தது தெரிந்தது என்று ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள். அந்த அம்மா பார்த்தது வேறு யாரையோ என்று எழுதுங்கள், நம்புகிறேன். ஆனால் அது உண்மையாக இருக்கட்டும்.

குருவி


செப்டம்பர் 19

அன்புள்ள குருவிக்கு,

அது நான்தான்.

ஐந்து நாளாக வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன், வரவில்லை. பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே திரும்பிப் பார்த்தேன். நீ இல்லை. மரத்தடியில் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய், நான் மணி அடித்துக்கொண்டு இறங்கி வரட்டும் என்று காத்திருக்கிறாய் என்று நினைத்தேன். போன தடவை அப்படித்தானே செய்தாய்? இந்த முறை தோற்கக் கூடாது என்று பெஞ்சில் உட்கார்ந்தேன். வெறும் ரோட்டைப் பார்க்கப் பார்க்கக் கோபம்தான் ஏறியது. நம் இரண்டு போனும் என் சைக்கிள் டைனமோவில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. உன் போன் என்னிடம் இருப்பது எனக்குத் தெரியும். கூப்பிடவும் முடியாமல் கிடந்து தவிக்கட்டும் என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்ததும் வாய் தானாகப் பொய் சொல்லிவிட்டது. பிறகு உன் அக்காவிடம், லேபில், என் கம்பெனியில் என்று எல்லோரிடமும் சொன்னேன். எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். சொல்லச் சொல்ல எனக்கே அது நடந்தது போல ஆகிவிட்டது.

நீ விழுந்திருப்பாய் என்று ஒரு துளி தோன்றியிருந்தாலும் ஓடி வந்திருப்பேன். இதை மட்டுமாவது நம்பு. என்னை என்ன வேண்டுமானாலும் சொல். வீட்டுக்கு வந்து சொல். ஞாயிற்றுக்கிழமை நானே வந்து கூட்டிப்போகிறேன்.

உன்
நான்


செப்டம்பர் 25

அன்புள்ளவருக்கு,

ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். வந்தால் அக்கா சாப்பாடு போடுவாள், நான் மாடியிலிருந்து இறங்க மாட்டேன்.

ஓடி வந்திருப்பேன் என்று எழுதியிருப்பதை நம்புகிறேன். உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்று எழுதி அடித்துவிட்டேன், நன்றியெல்லாம் இப்போது வரவில்லை. கோபம்தான் வருகிறது. அதற்கு முந்தின தடவை மரத்தடியில் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தவள் நான்தான், அதையும் மறுக்கவில்லை. அந்தச் சட்டத்தைச் சேர்ந்துதான் போட்டோம். ஆனால் அதை வைத்துக்கொண்டு இனி ஒரு வீட்டில் என்னால் இருக்க முடியாது. லேபுக்கு இங்கிருந்தே போய்க்கொள்கிறேன். என் துணிமணிகளை எடுக்க நீங்கள் வேலையில் இருக்கும்போது அக்காவை அனுப்புகிறேன்.

ஒன்று மட்டும் உங்களிடம் சொன்னதே இல்லை. பள்ளத்தில் கிடந்த இரண்டு மணி நேரமும் எனக்கு வலியைவிட ஒரு கவலைதான் பெரிதாக இருந்தது. உங்கள் பின் பிரேக் சரியில்லை. என்னைக் காணோம் என்று பதறியடித்துக்கொண்டு அந்த இறக்கத்தில் வருவீர்களே, எங்கேயாவது விழுந்து தொலைக்கப் போகிறீர்களே என்று பயந்துபோய், "மெதுவா வாங்க, மெதுவா வாங்க" என்று சொல்லிக்கொண்டே கிடந்தேன்.

இப்படிக்கு
குருவி