ஐம்பதாவது பெயர்

நோர்வூட்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள சர்மிளாவுக்கு,

குவைத்தில் நீ சுகமாக இருக்க வேண்டுமென்று மாதாவை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். போனில் உன் குரலைக் கேட்டால் பாதியில் வைத்துவிடுவேன். அதனால்தான் லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்பும் ஐவியிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். உட்கார்ந்து படி.

தனுஷிகா உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் ஒரு ஆஸ்பத்திரியில், இரண்டு கையிலும் கட்டோடு படுத்திருக்கிறாள். கொதிதண்ணீர். விரல்கள் மடங்கும் என்று டொக்டர் சொல்கிறார், ஆனால் நாளாகுமாம்.

உன் மகள் ஐந்து மாதமாக அங்கே ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள். நீ வீட்டுக்குப் போன் எடுக்கும்போதெல்லாம் டியூஷனுக்குப் போயிருக்கிறாள் என்று உன் புருஷன் சுதாகரன் சொன்னது பொய். தேயிலை மலையில் வழுக்கி விழுந்த பிறகு அவருக்கு ஒழுங்கான வேலை இல்லை என்பது உனக்குத் தெரியும். ஒருநாள் என் வீட்டு வாசலில் வந்து நின்று அழுதார். "புள்ளைக்குத் தையல் பழக்கித் தாறோம்னு கூட்டிட்டுப் போறாங்க டீச்சர். பேர மட்டும் வெட்டிறாதீங்க. சர்மிளாவுக்குத் தெரிஞ்சா செத்துருவா" என்றார்.

பதினாறு வயது வரை பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும், வராவிட்டால் பள்ளிக்கூட அதிபர் மேலிடத்துக்கு அறிவிக்க வேண்டும். அதிபர் நான். அறிவிக்கவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் வரவு குறிக்கும் இடாப்பும் என் கையில்தான். ஒவ்வொரு நாளும் அவளுக்கு வரவு போட்டேன்.

இரக்கப்பட்டுச் செய்தேன் என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். நம் பள்ளிக்கூடத்தில் இப்போது ஐம்பது பிள்ளைகள்தான். அதற்குக் குறைந்தால் மூடிவிடுவார்கள் என்று கல்விக் காரியாலயத்தில் பேச்சு. ஐம்பதாவது பெயர் உன் மகளுடையது.

அலுமாரியில் வெள்ளைக்காரத் தோட்டத் துரை பள்ளிக்கூடம் நடத்திய காலத்து இடாப்பு ஒன்று கிடக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும், சின்னப் பிள்ளைகளைக் காலை பத்து மணிக்கு முன் வேலைக்கு எடுக்கக் கூடாது என்றெல்லாம் அந்தக் காலத்திலேயே சட்டம் வந்திருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடத்தை நடத்தியதும் துரை, பிள்ளைக்கு வேலை கொடுத்ததும் துரை. அந்த இடாப்பில் ஒரு பிள்ளைகூட ஒருநாளும் வராமல் இருந்ததில்லை. மழைக்காலத்திலும் முழு வரவு, எல்லாம் ஒரே மூச்சில் போட்ட கோடு. பொய்க் கணக்கு இப்படித்தான் இருக்கும் என்று வகுப்பில் அதைக் காட்டிச் சிரிப்பேன். முன்வாங்கில் உட்கார்ந்து தனுஷிகாவும் சிரித்திருக்கிறாள். போன வாரம் என் இடாப்பை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பேனாதான் வேறு.

இப்போது கேள். பிள்ளை முந்தின நாள்தான் தங்களிடம் வந்தது, தானாகவே தண்ணீரைக் கொட்டிக்கொண்டது, உடம்பில் இருக்கும் பழைய சூட்டுக் காயமெல்லாம் அப்பன் போட்டது என்று அந்த வீட்டுக்காரர்கள் சொல்கிறார்கள். பொலிஸ் வந்து இடாப்பின் பிரதி கேட்டபோது, பயத்தில், சீல் குத்திக் கொடுத்துவிட்டேன். அன்று வாயைத் திறந்திருக்கலாம், திறக்கவில்லை. ஐந்து மாதமும் அவள் நோர்வூட்டில் படித்ததற்கு அந்தத் தாள்தான் சாட்சி. அவர்களுடைய சட்டத்தரணி அதைத்தான் தூக்கிக் காட்டுகிறார். சுதாகரன் உள்ளே இருக்கிறார். பிள்ளையை அனுப்பியதற்கு அவர் பதில் சொல்லட்டும். சூடு போட்டதற்கு அவர் ஏன் சொல்ல வேண்டும்? அந்த வீட்டில்தான் சூடு போட்டார்கள் என்று பிள்ளை சொல்வதையும் யாரும் நம்பவில்லை. டீச்சர் எழுதியது பொய்யாகுமா என்று கேட்கிறார்கள்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள். "டீச்சர், எம் பேர வெட்டிட்டீங்களா?" என்றுதான் முதலில் கேட்டாள். இல்லை என்றேன். அவளுக்கு வந்த சந்தோஷத்தை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை, சர்மிளா.

திங்கட்கிழமை இடாப்பை எடுத்துக்கொண்டு பொலிசுக்குப் போகிறேன். நான் எழுதியது பொய் என்று சொல்லப் போகிறேன். வேலை போகும். பள்ளிக்கூடமும் போகலாம். மற்ற நாற்பத்தொன்பது பேரும் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு நடப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் போவேன்.

நீ எப்படியாவது வந்துவிடு. ஆண்டவர் உன்னைப் பத்திரமாக உன் பிள்ளையிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும். அவளுக்கு இப்போது ஊட்டிவிட ஆள் வேண்டும். என்னைத் திட்ட வேண்டுமென்றால் லயத்தில் என் வீட்டுக்கு வா. பள்ளிக்கூடத்தில் தேடாதே.

உன்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த,
யூஜினா